ரஷ்ய இளவரசரும் நம் தேர் வீதியும்

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024-ல் நம் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.45 லட்சம் பேர் இருந்த ஊர் இது. இப்போது சுற்றியுள்ள ஊராட்சிகளும் நம்மோடு சேர்ந்திருக்கின்றன. இனிச் சாலை, பாதாளச் சாக்கடை, புறவழி, புதிய குடியிருப்புப் பகுதி என்று திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஊரைத் திட்டமிடும் வேலையை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு, நூறு வருடத்துக்கு முன்பே தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து ஒருவர் விடை காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரரான அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். அவருக்கு நண்பராகவும் சிந்தனையில் மூத்தவராகவும் ஒரு ரஷ்யர் இருந்தார். அவர் பீட்டர் குரோபோட்கின். இந்த இருவரைப் பற்றியும் பேசிவிட்டு நம் மாட வீதிக்கு வரலாம் என்று இருக்கிறேன்.

குரோபோட்கின் 1842-ல் மாஸ்கோவில் இளவரசர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள் இருந்தார்கள். ஜார் மன்னரின் அரண்மனைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். தலைநகரில் எந்தப் படைப்பிரிவைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். 1862-ல் அவர் கேட்டு வாங்கியது சைபீரியாவை. ஐந்து வருடம் அங்கே குதிரையிலும் படகிலும் அலைந்தார். ஆசியாவின் மலைத்தொடர்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை அதுவரை வந்த வரைபடங்கள் தவறாகக் காட்டின. அவை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன என்று நிறுவியவர் இவர். புவியியலில் இன்றும் அவருக்கு இடம் உண்டு.

சைபீரியா அவருக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் பீட்டர்ஸ்பர்க் மேசையில் எழுதிய உத்தரவு, ஆமூர் நதிக்கரைக்கு வந்து சேரும்போது ஒன்றுக்கும் உதவாமல் போவதைப் பார்த்தார். அதே காட்டில் குடியேறிய எளிய மக்கள் தங்களுக்குள் பேசி, வேலையைப் பங்கிட்டு, ஊரை உண்டாக்கிக்கொள்வதையும் பார்த்தார். அதிகாரத்தின் மேல் இருந்த நம்பிக்கை அங்கேதான் அவருக்குப் போயிற்று. பிறகு தொழிலாளர்களிடையே பிரச்சாரம் செய்ததற்காக 1874-ல் கைதானார். 1876-ல் சிறை மருத்துவமனை முற்றத்தில் காற்று வாங்க நடக்கவிட்ட நேரத்தில், எதிர்வீட்டிலிருந்து எழுந்த வயலின் ஓசையை அடையாளமாக வைத்து ஓடி, காத்திருந்த குதிரை வண்டியில் ஏறித் தப்பினார். பின்னர் பிரான்சிலும் சிறைவாசம். 1886 முதல் முப்பது வருடம் இங்கிலாந்தில் வாழ்ந்தார். புரட்சிக்குப் பின் 1917-ல் தாய்நாடு திரும்பி, 1921-ல் திமித்ரோவ் என்ற சிற்றூரில் காலமானார்.

அவருடைய இரண்டு புத்தகங்கள் நமக்கு முக்கியம். 1899-ல் வந்த 'வயல்கள், தொழிற்சாலைகள், பட்டறைகள்' ஒன்று. மின்சாரம் வந்துவிட்டது, இனி எல்லாத் தொழிலையும் ஒரே நகரத்தில் குவிக்கத் தேவையில்லை, வயலும் பட்டறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஒரே ஆள் இரண்டிலும் வேலை செய்யலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தோட்ட நகரம் என்ற கருத்தை 1898-ல் முன்வைத்த எபனேசர் ஹோவர்டும் அவருடைய தோழர்களும் இந்த எழுத்துகளிலிருந்து ஊக்கம் பெற்றார்கள். இன்னொன்று 1902-ல் வந்த 'பரஸ்பர உதவி'. விலங்கினங்களில் தொடங்கி ஐரோப்பாவின் இடைக்கால நகரங்கள் வரை வரும் புத்தகம். தெருக்காரர்கள், தொழிற்குழுக்கள், பேட்டைக்காரர்கள் கூடிக் கூடித்தான் ஒரு நகரத்தை எழுப்பினார்கள், மாதா கோயில் கோபுரங்களும் அப்படித்தான் எழுந்தன என்பது அவர் வாதம்.

அவர் பிறந்த மண்ணில் இந்தச் சிந்தனை என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் சில வருடம் வேலை பார்த்துத் தோட்ட நகரங்களை நேரில் கண்ட விளாதிமிர் செம்யோனோவ், 1912-ல் ரஷ்ய மொழியில் நகரமைப்பு நூல் எழுதினார். பின்னாளில் 1935-ன் மாஸ்கோ பெருந்திட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு. பெருநகரமே வேண்டாம், சாலையோரமாக மக்கள் பரவி வாழட்டும் என்று 1929 வாக்கில் வாதிட்ட மிகயில் ஒகித்தோவிச், ஸ்டாலின் காலத்தில் கைதாகி 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்ததற்கு ஒரு மனிதர் கொடுத்த விலை அது. அந்தப் பெயரையாவது நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கெடிஸ் 1854-ல் பிறந்தவர், படித்தது உயிரியல். இருபத்தைந்து வயதில் மெக்சிகோவில் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் கண்பார்வை கெட்டு, பல வாரம் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. பார்வை திரும்பியது என்றாலும் நுண்ணோக்கியில் குனிந்து உட்காரும் வாழ்க்கை முடிந்தது. டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே ஊர்களை ஆராய ஆரம்பித்தார். 1887-ல் புதுமனைவி ஆனாவோடு எடின்பரோவின் மிக மோசமான சேரி வீடுகள் இருந்த ஜேம்ஸ் கோர்ட் பகுதிக்கே குடிபோனார். வெளியே நின்று யோசனை சொல்லாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், சன்னலில் பூச்செடி வைத்தார், இடிந்ததை இடித்து நல்லதைப் பழுதுபார்த்தார். அக்கம்பக்கத்தார் கைகொடுத்தார்கள். அவருடைய வீட்டுக்கும் கூட்டங்களுக்கும் வந்துபோன நண்பர்களில் குரோபோட்கினும் ஒருவர்.

இருவரையும் சேர்த்தது புவியியல்தான். கெடிஸ் மாணவர்களுக்கு எப்போதும் ஒரு படம் வரைந்து காட்டுவார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரு நதிப் பள்ளத்தாக்கின் வெட்டுத் தோற்றம். மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவன், வேடன், அடுத்து ஆட்டிடையன், பிறகு உழவன், கடைசியில் மீனவன். இடம் தொழிலை உண்டாக்குகிறது, தொழில் மனிதரை உண்டாக்குகிறது, இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் ஊர் புரியாது என்பார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முதல், கரு, உரி என்று வகுத்த தொல்காப்பியம் படித்த நமக்கு இந்தப் படம் புதிதாகவே தோன்றாது. அவர் தமிழ் படித்தவர் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டு ஊர்களைப் பார்த்தவுடன் அவற்றின் தர்க்கம் அவருக்குப் பிடிபட்டதற்கு இந்தப் பார்வை ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவரைச் சென்னைக்கு அழைத்தவர் மாகாண கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு. 1914 இறுதியில் மகன் அலாஸ்டேரோடு வந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த நகரங்களின் வரைபடம், ஓவியம், புகைப்படம் எல்லாம் பெரிய கண்காட்சியாக 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் தனியாக வந்துகொண்டிருந்தது. அந்த அக்டோபரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் அதை மூழ்கடித்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அதே எம்டன்தான். கெடிஸ் துவண்டுவிடவில்லை. இங்கிலாந்திலிருந்த நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதோடு மாகாணத்தின் ஊர் ஊராகப் போய் அறிக்கை எழுத ஆரம்பித்தார்.

அவற்றில் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு எழுதியதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நெரிசலான பகுதி, சந்துகள் கோணல்மாணல். பொறியாளர்கள் போட்டிருந்த திட்டம், குறுக்கும் நெடுக்குமாக நேரான அகலச் சாலைகள். சதுரங்கக் கட்டம் போலத் தாளில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கோட்டின் அடியிலும் வீடுகள் இருந்தன. கெடிஸ் அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு நன்றாக இருக்கிறது, எது ஏற்கெனவே இடிந்து ஆளில்லாமல் கிடக்கிறது, எங்கே காலி மனை, எங்கே கிணறு, எங்கே மரம், எந்தத் திண்ணை சந்தை நெருக்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். முடிவில், புதுச் சாலைகள் தேவையே இல்லை என்று தெரிந்தது. மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய சந்துகளே போக்குவரத்துக்குப் போதும். இடிந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பக்கத்துக் காலி மனையோடு சேர்த்துச் சிறு முற்றம் ஆக்கி, ஒரு மரம் நட்டால் எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவு, முதல் திட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இழப்பீட்டுத் தொகையும் குறைவு, வீடிழந்து தெருவில் நிற்பவரும் குறைவு.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைக் காத்துச் செய்யும் அறுவை என்று சொல்லலாம். நோயைக் கண்டறியாமல் கத்தியை எடுக்காதே என்பது அதன் சாரம். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவருக்குச் சொன்ன ஒழுங்கு அது. நோய், அதன் காரணம், தணிக்கும் வழி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். ஊர் விஷயத்தில் நாம் பெரும்பாலும் மூன்றாவதில் ஆரம்பித்துவிடுகிறோம். டெண்டர் முதலில் வருகிறது, அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு பிறகு வருகிறது.

கோயில் ஊர்கள் அவரை மயக்கின என்றே சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் அவருக்கு மகிழ்ச்சி தந்தது கோயில்களின் கலையழகு மட்டும் இல்லை. கோயில், குளம், தேர் வீதி, வீடு, தோட்டம் எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு பார்த்து அமைந்த முழுத் திட்டம் ஒன்று அங்கே இருப்பதைக் கண்டார். ஐரோப்பாவில் புதுமை என்று பேசப்பட்ட தோட்ட நகரத்தின் சாயல் அதில் தெரிந்தது. 1916-ல் சி. பி. வெங்கடராம ஐயர், பண்டைத் தமிழகத்து மதுரை, புகார், காஞ்சி, வஞ்சி நகரங்களின் அமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதித் தந்தவர் கெடிஸ். நம்மவர் ஒருவர் நம் இலக்கியத்தை வைத்து நகரமைப்பைப் படிக்க ஆரம்பித்தபோது, பக்கத்தில் நின்று உற்சாகம் கொடுத்திருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் அவர் அன்றைய அதிகாரிகளோடு மோதினார். மலேரியா பயத்தில் குளங்களையும் கிணறுகளையும் தூர்க்கும் வேகம் அப்போது எங்கும் இருந்தது. குளத்தில் மீனையும் வாத்தையும் விடுங்கள், புழுவைத் தின்றுவிடும், குளம் ஊரைக் குளிர்விக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது என்றார். பம்பாய் மாகாணத்து ஊர்களுக்கு எழுதியபோது, குழாய் வந்துவிட்டதற்காகக் கிணற்றை மூடாதீர்கள், எந்தக் குழாயும் ஒருநாள் பழுதாகும், பழைய கிணறுகள் முன்னோர் எடுத்து வைத்த ஆயுள் காப்பீடு என்ற பொருளில் எழுதினார். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1917 அவருக்குக் கொடுமையான வருடம். ஏப்ரலில் மகன் அலாஸ்டேர் பிரான்சில் போர்க்களத்தில் மாண்டார். இந்தியாவில் காய்ச்சலாய்க் கிடந்த ஆனாவிடம் அந்தச் செய்தியை அவர் சொல்லவில்லை. ஜூனில் ஆனாவும் போய்விட்டார். அந்தத் துயரத்தோடுதான் இந்தூர் வேலையில் இறங்கினார். பிளேக் பரவிய நகரம் அது. வரைபடத்தோடு திரியும் வெள்ளைக்காரரைப் பார்த்தால் மக்கள் மிரண்டார்கள், வீட்டை இடிக்க வந்தவர் என்று நினைத்தார்கள். கெடிஸ் மன்னரிடம் கேட்டுத் தீபாவளி ஊர்வலத்தை நடத்தும் பொறுப்பை வாங்கிக்கொண்டார். ஊர்வலம் வழக்கமான வழியில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் தெருவையும் நன்றாகச் சுத்தம் செய்து பழுதுபார்க்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று அறிவித்தார். ஊரே வேலையில் இறங்கியது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனும் பெரிய பிளேக் எலியும் பொம்மையாக வந்து கடைசியில் கொளுத்தப்பட்டார்கள். நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் புதுச் சட்டை போட்டு, மாலை அணிந்து, வர்ணம் அடித்த வண்டிகளோடு ஊர்வலத்தில் மரியாதையாக நடந்தார்கள். துளசிச் செடிகள் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டன. நகரமைப்பு வரலாற்றில் எனக்குப் பிடித்த நாள் எது என்று கேட்டால் இந்தத் தீபாவளியைத்தான் சொல்வேன். எந்த அறிக்கையும் செய்ய முடியாததை ஊர்வலம் போகும் வழி செய்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் நம் வீதிகளில் நடப்பது என்ன? விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அம்மன் தேரைப் பெண்கள் இழுக்கிறார்கள், சண்டிகேஸ்வரர் தேரைச் சிறுவர்கள் இழுக்கிறார்கள். அண்ணாமலையாரின் பெரிய தேரான மகாரதம் தேரடி வீதியிலிருந்து திரும்பும் முனையில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பாருங்கள். வடம் நேராக இழுக்கிறது, தேருக்குத் திரும்பத் தெரியாது. சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து ஓடும் ஆட்கள், கனத்த முட்டுக்கட்டையைச் சரியான கணத்தில் சரியான கோணத்தில் சக்கரத்துக்கு அடியில் செருகுகிறார்கள். தேர் ஒரு முழம் விலகுகிறது. கட்டையை உருவி மறுபடி போடுகிறார்கள், இன்னொரு முழம். இப்படித்தான் அத்தனை பெரிய ரதம் மூலை திரும்புகிறது. அந்த முனையின் அகலத்தையும் வீதியின் அகலத்தையும் தீர்மானித்தது இந்தச் சக்கரம்தான்.

வருடம் முழுக்க வீதிக்குள் நீண்டு வளர்ந்த கீற்றுப் பந்தல், கடைத் தகரம், மரக்கிளை எல்லாம் தேர் வருவதற்கு முன் விலகியாக வேண்டும். விலகுகின்றன. யாரும் வழக்குப் போடுவதில்லை. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி எழுப்பிய 217 அடி ராஜகோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதே அளவு வியப்போடு பார்க்க வேண்டியது இந்த வீதிகளின் அகலம் இன்றுவரை தப்பிப் பிழைத்திருப்பதை. ஊரார் சேர்ந்து இழுக்கும் ஒரு தேர், ஊரின் பொது இடத்தை வருடாவருடம் மீட்டுத் தருகிறது. குரோபோட்கின் இதைப் பார்த்திருந்தால் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீருக்கும் இதே ஒழுங்கு இருந்தது. 2,668 அடி உயர மலையில் விழும் மழை ஓடைகளாக இறங்கி, அடிவாரத்துத் தீர்த்தங்களையும் குளங்களையும் நிரப்பி, மிச்சம் ஏரிகளுக்குப் போகும். தீபத்துக்குப் பிறகு தெப்பம் ஓட வேண்டும் என்றால் அய்யங்குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். தெப்பம் ஓடும் குளத்தைக் காத்துவிட்டோம். தெப்பம் இல்லாத குளங்களும், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைகளும்தான் கைவிடப்பட்டன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் எட்டு லிங்கங்களையும் தரிசித்துக்கொண்டு வரும் இலட்சக்கணக்கானவர்களில், காலுக்கடியில் எத்தனை ஓடைகளைக் கடக்கிறோம் என்று கவனிப்பவர் குறைவு. பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது 2016-ல் விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அப்போதாவது மரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடை மறைந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

2024 டிசம்பர் 1-ஆம் தேதியை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு பாறையும் மண்ணுமாக வீடுகள் மேல் இறங்கியது. குழந்தைகள் உட்பட ஏழு பேரை இழந்தோம். மலைச்சரிவில் வீடு கட்ட யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. சமதளத்தில் மனை விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போனபின், உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு மிஞ்சியது அந்தச் சரிவுதான். அவர்களை அங்கிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசும்போது, எங்கே வைப்பது, அவர்கள் வேலைக்கு எப்படி வருவார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். இடம், தொழில், மக்கள் மூன்றையும் பிரிக்காதே என்று கெடிஸ் சொன்னது இதற்காகத்தான்.

கோயில் ஊரின் பழைய திட்டத்தைப் பாராட்டும்போது ஒரு கேள்வியைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. மாட வீதியில் யார் குடியிருக்க முடிந்தது, யார் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்? பரஸ்பர உதவி யாருக்கும் யாருக்கும் இடையே? சாதியின் கோடும் நம் ஊர் வரைபடத்தில் வரையப்பட்டதுதான். பழைய திட்டத்தில் எதைக் காப்பது என்று பார்ப்பவர்கள், எதை அறுத்தெறிவது என்பதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களை மாலையோடு ஊர்வலத்தில் நடத்திய மனிதரிடமிருந்து அந்தத் தைரியத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

எடின்பரோவில் 1892 முதல் கெடிஸ் ஒரு கோபுர வீட்டை நடத்தினார். வருகிறவர்களை முதலில் உச்சிக்கு ஏற்றுவார். அங்கிருந்து ஊர் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு தளமாக இறங்க இறங்க நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் என்று பார்வை விரியும். ஊரைப் பற்றி முடிவெடுக்கும் எல்லோரும் முதலில் ஊரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அப்படி ஒரு காட்சிக்கூடம் இந்த ஊருக்கு வேண்டும் என்பது என் விண்ணப்பம். பெரிய கட்டடம் வேண்டாம், ஒரு பள்ளிக்கூட அறை போதும். பழைய நில அளவை வரைபடம், குளங்களின் பெயர், ஓடைகளின் வழி, தேர் போகும் பாதை, சரிவில் இருக்கும் வீடுகள் எல்லாம் சுவரில் இருக்கட்டும்.

1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, பெருந்திட்டத்தை முடிவுசெய்வதற்கு முன் மக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. கல்லூரி மாணவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். வார்டுக்கு நாலு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். அந்தந்தத் தெருவின் வயதானவர் ஒருவரையும், துப்புரவுப் பணி செய்பவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். தண்ணீர் எந்தச் சந்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்த வரைபடமாவது முடிந்துவிட வேண்டும்.